சூடு பட்ட நீள முடியைக் காப்பாற்றுவது கழுவும் நாளில்தான்

ஸ்ட்ரெய்ட்னர் பிடித்துப் பிடித்து ஓலையாகிவிட்ட முடியை எந்த எண்ணெயாலும் பழையபடி ஆக்க முடியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. மண்டையை விட்டு வெளியே வந்த முடிக்கு உயிர் கிடையாது. தோலில் விழுந்த கீறல் ஆறும், முடியில் விழுந்த விரிசல் ஆறாது. அப்படியென்றால் வெட்டிவிடுவதுதான் வழியா என்று பயப்பட வேண்டாம். கெட்டுப்போன முடியும் உடையாமல் தொங்கிக்கொண்டிருக்கும் வரை நீளம்தான். அதை உடைய விடாமல் பார்த்துக்கொண்டு, புதிதாக வருவதைக் கெடுக்காமல் வளர்த்து, பழையதைக் கொஞ்சம் கொஞ்சமாக நுனியிலிருந்து எடுத்துவிடலாம். நீளத்தை இழக்காமலே முழு முடியையும் மாற்றிவிட முடியும். பொறுமையும் ஒழுங்கும்தான் வேண்டும்.

சூடு என்ன செய்கிறது என்று தெரிந்தால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். ஒவ்வொரு முடியின் மேலும் ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்திருக்கின்றன. அதற்கும் மேலே கண்ணுக்குத் தெரியாத மெல்லிய கொழுப்புப் படலம் ஒன்று உண்டு. முடி வழுக்குவதும் மின்னுவதும் அதனால்தான். சூடான தகடு அந்தப் படலத்தை எரிக்கிறது, செதில்களைத் தூக்கிவிடுகிறது, உள்ளேயிருக்கும் கெரட்டின் புரதத்தைச் சிதைக்கிறது. நன்றாகக் காய்ந்த முடி 200 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் உள்ளுக்குள் முற்றாகச் சிதையும். ஈரம் இருக்கும் முடிக்கு 150 டிகிரி சுற்றுவட்டாரமே போதும். ஈரத்தோடு தகட்டை வைக்கும்போது 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வருமே, முடிக்குள்ளிருக்கும் தண்ணீர் கொதித்து ஆவியாகும் சத்தம் அது. அந்த ஆவி வெளியே வர வழியில்லாமல் முடிக்குள்ளேயே குமிழ் குமிழாக நின்றுவிடும். பிறகு அந்த இடத்தில்தான் முடி ஒடியும்.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் இது இன்னும் மோசமாவதற்கு ஒரு காரணம் உண்டு. அயர்ன் செய்யும்போது முடி நேராவது, அதன் வடிவத்தைப் பிடித்து வைத்திருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் தற்காலிகமாக இடம் மாறுவதால். காற்றில் ஈரப்பதம் ஏறினாலே அவை பழைய இடத்துக்குத் திரும்பிவிடும். குளச்சல், முட்டம், கன்னியாகுமரி என்று கடலை ஒட்டிய ஊர்களில் காலையில் நேராக்கிய முடி மதியத்துக்குள் சிலும்பிவிடுவது இதனால்தான். மறுநாள் மறுபடி அயர்ன், அதற்கடுத்த நாளும் அயர்ன். ஈரக்காற்றோடு தகட்டை வைத்துப் போட்டி போட்டால் தோற்பது முடி மட்டுமே. பின்னலும் கொண்டையும் இந்த ஊருக்குப் பொருந்திய அலங்காரங்கள்.

அடுத்து நுனியின் வயது. முடி மாதத்துக்கு 1 செ.மீ., அல்லது அதைவிடச் சற்றுக் கூடுதலாக வளரும். 80 செ.மீ. நீளமுள்ள முடியின் நுனி மண்டையை விட்டு வெளியே வந்து ஆறு வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது. வாரம் இரண்டு முறை குளித்திருந்தால் அந்த நுனி அறுநூறு தடவைக்கு மேல் நனைந்து, ஊதி, தேய்ந்து, காய்ந்திருக்கிறது. வேர்ப்பக்கத்துக்குச் செய்வதையே நுனிக்கும் செய்தால் அது தாங்காது. இங்கே சொல்லப்போகும் எல்லாவற்றுக்கும் அடிப்படை இதுதான்: மண்டைக்கு வேறு, காதுக்குக் கீழே தொங்கும் முடிக்கு வேறு.

முடி எவ்வளவு கெட்டிருக்கிறது என்று பார்க்கத் தண்ணீர்க் கோப்பையில் மிதக்கவிடும் சோதனை வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்த முடியும் மிதக்கும். சீப்பில் வந்த முடி ஒன்றை நனைத்து, இரு முனையையும் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு திரும்பி வந்தால் பரவாயில்லை. இழுத்த இழுப்புக்கு நீண்டுகொண்டே போய்த் திரும்பாவிட்டால் உள்ளே புரதம் சிதைந்திருக்கிறது. நீளாமலே பட்டென்று அறுந்தால் வறண்டு விறைத்திருக்கிறது. முடியின் நடுவில் வெள்ளைப் புள்ளிகள் தெரிகிறதா என்றும் வெளிச்சத்தில் பாருங்கள். ஈரோ பொடுகோ என்று நினைத்து அதைச் சுரண்டுபவர்கள் உண்டு. முடி உள்ளுக்குள் நொறுங்கிப் பிரிந்து நிற்கும் இடங்கள் அவை, தொட்டால் அங்கேயே ஒடியும். அந்தப் புள்ளிகள் நிறைய இருக்கும் பகுதியை வைத்துக்கொண்டிருப்பதில் பயனில்லை. அதுவரை வெட்டிவிட்டுத் தொடங்குவதுதான் நல்லது.

இனி கழுவும் நாள். அயர்ன் முடியைக் கெடுக்கிறது என்றாலும் கெட்ட முடி கொத்தாக உடைவது குளியலறையிலும் அதை அடுத்த ஒரு மணி நேரத்திலும்தான். ஈரத்தில் முடி ஊதுகிறது, செதில்கள் திறக்கின்றன, வலு குறைகிறது. அந்த நேரத்தில்தான் நாம் தேய்க்கிறோம், முறுக்குகிறோம், தட்டுகிறோம், சீவுகிறோம். ஆகவே வாரத்தில் இரண்டு நாள், அந்த இரண்டு நாளிலும் ஒரே வரிசை.

முதலில் எண்ணெய், அதுவும் காய்ந்த முடியில், குளிப்பதற்கு முன்னால். நம்மவர்கள் பலர் குளித்து முடித்து ஈரத் தலையில் எண்ணெயை வைத்து அழுந்தச் சீவிப் பழகியிருக்கிறார்கள். எண்ணெயின் பெரிய பலன் அதில் கிடைக்காது. தேங்காய் எண்ணெயில் ஏறக்குறைய பாதி லாரிக் அமிலம். அதன் மூலக்கூறு சிறியது, நேரானது, முடிக்குள் நுழையக்கூடியது. நுழைந்து உட்கார்ந்துவிட்டால் கழுவும்போது தண்ணீர் உள்ளே போவது குறைகிறது, முடி அதிகம் ஊதுவதில்லை, புரதம் கரைந்து வெளியேறுவதும் குறைகிறது. 2003-இல் வெளியான ஓர் ஆய்வில் தேங்காய் எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், மினரல் ஆயில் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். புரத இழப்பைக் குறைத்தது தேங்காய் எண்ணெய் மட்டுமே. தென்னந்தோப்புக்கு நடுவில் இருந்துகொண்டு, மினரல் ஆயிலில் வாசனை சேர்த்த பாட்டிலுக்குக் காசு கொடுக்க வேண்டியதில்லை. செக்கில் ஆட்டியது போதும். தேங்காய்ப்பால் காய்ச்சி எடுத்த உருக்கு எண்ணெய் கிடைத்தால் அதுவும் நல்லது, ஆனால் அந்த விலைக்கு ஏற்ற வித்தியாசம் முடியில் தெரியாது.

அளவு: இடுப்பு வரை நீளமான முடிக்கு மூன்றிலிருந்து நான்கு டீஸ்பூன், அதாவது 15 முதல் 20 மி.லி. உள்ளங்கையில் தேய்த்து, காதுக்குக் கீழிருந்து நுனி வரை, நுனியில் அதிகமாக. சொட்டச் சொட்ட வேண்டாம். கூடுதலாக வைத்தால் அதை எடுக்கக் கூடுதல் ஷாம்பு போட நேரும், அந்த ஷாம்பு எண்ணெய் கொடுத்த நன்மையை எடுத்துக்கொண்டு போய்விடும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் இரண்டு மூன்று மணி நேரம். இரவு முழுக்க வைத்தாலும் சரி, தளர்வாகப் பின்னி வைத்துக்கொள்ளுங்கள். மண்டையில் எண்ணெய் வைப்பது உங்கள் விருப்பம். ஆனால் பொடுகு இருந்தால் மண்டையில் வைக்கவே கூடாது. பொடுகுக்குக் காரணமான பூஞ்சைக்கு எண்ணெயிலுள்ள கொழுப்பு அமிலங்கள்தான் சாப்பாடு.

எண்ணெய் வைத்த முடியை நனைப்பதற்கு முன் சிக்கெடுத்துவிடுங்கள். காய்ந்த நிலையில், விரலால் முதலில், பிறகு அகலப்பல் சீப்பால், நுனியில் தொடங்கி நான்கு நான்கு விரற்கடையாக மேலே போக வேண்டும். உச்சியிலிருந்து இழுத்தால் எல்லாச் சிக்கும் நுனியில் போய் ஒன்றாக இறுகும்.

நனைத்தவுடன் ஷாம்பு போடாதீர்கள். எண்ணெய் வைத்த நீளத்தில் முதலில் கண்டிஷனர், ஒரு மேசைக்கரண்டி அளவு. இது எண்ணெயைத் தானே இளக்கி எடுத்துவிடும், மேலிருந்து வழியும் ஷாம்பு நுரை நுனியை உரசாமலும் காக்கும். பிறகு இரண்டு டீஸ்பூன் ஷாம்புவை அரைக் கோப்பைத் தண்ணீரில் கலந்து மண்டையில் மட்டும் ஊற்றி, விரல் நுனியின் சதையால் தேய்க்க வேண்டும், நகத்தால் அல்ல. முடியையெல்லாம் உச்சியில் குவித்து வைத்துத் துணி துவைப்பது மாதிரி கசக்குவதைக் கட்டாயம் நிறுத்துங்கள். நீள முடி நிறைய உடைவது அந்தக் கசக்கலில்தான். நுரை வழிந்து இறங்கும்போது நீளத்துக்கு வேண்டிய சுத்தம் கிடைத்துவிடும்.

சல்பேட் (நிறைய நுரை தரும் கழுவும் பொருள்) இல்லாத ஷாம்புதான் வாங்க வேண்டுமா என்று கேட்பார்கள். இருந்தால் நல்லது. ஆனால் சாதாரண ஷாம்புவைத் தண்ணீரில் கலந்து மண்டையோடு நிறுத்துபவரின் முடி, விலை உயர்ந்ததை நுனி வரை அரைத்துத் தேய்ப்பவரின் முடியைவிட நன்றாக இருக்கும். குளியல் சோப்பு மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 9, 10 என்று காரப்பக்கம் இருக்கும், செதில்களைத் திறந்து விட்டுவிடும். உப்புத் தண்ணீரில் அது வெள்ளைப் பிசுக்காகவும் படியும்.

தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். கடலோரத்திலும் ஆழமான போர்வெல் உள்ள வீடுகளிலும் தண்ணீர் கடினமாக இருப்பதுண்டு. சோப்பு நுரைக்காமல், குழாய் வாயிலும் ஹீட்டர் கம்பியிலும் வெள்ளைக் கறை படிந்தால் உங்கள் வீட்டுத் தண்ணீரும் அப்படித்தான். அதிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் நல்ல முடியைவிடக் கெட்ட முடியில்தான் அதிகம் ஒட்டும், ஏனென்றால் சிதைந்த இடங்களில் எதிர்மின்னேற்றம் கூடுதல். என்ன போட்டாலும் முடி சொரசொரப்பாகவே இருக்கிறது என்பவர்கள் முதலில் சந்தேகப்பட வேண்டியது தண்ணீரைத்தான். கடைசியாக அலசும் ஒரு வாளியை மட்டும் நல்ல தண்ணீராக்குங்கள். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. கூரை முதல் மழையில் கழுவப்பட்ட பிறகு பிடித்து வைத்த மழைத்தண்ணீர் போல் முடிக்கு இதமானது வேறில்லை. அது இல்லாத மாதங்களில் 1 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகர் கலந்து நீளத்தில் ஊற்றி, ஒரு நிமிடம் விட்டு அலசிவிடலாம். எலுமிச்சையை நேராகப் பிழியாதீர்கள், அதன் அமிலம் கெட்ட முடிக்கும் மண்டைத் தோலுக்கும் மிகக் கடுமை. சமையல் சோடா காரம், அதை முடிப்பக்கமே கொண்டுவர வேண்டாம். வெந்நீரும் வேண்டாம், நம்ம ஊரில் குழாயில் வருகிற சூடே போதும்.

ஷாம்பு அலசியபின் மறுபடி கண்டிஷனர், இம்முறை தாராளமாக, இரண்டு அல்லது மூன்று மேசைக்கரண்டி. இது நேர்மின்னேற்றம் உள்ள பொருள், ஆகவே எங்கே முடி அதிகம் கெட்டிருக்கிறதோ அங்கே தேடிப்போய் ஒட்டும். காதுக்குக் கீழே தடவி, மூன்றிலிருந்து ஐந்து நிமிடம் வைத்து, வழுக்கலாக இருக்கும்போதே விரலால் நுனியிலிருந்து பிரித்துவிட்டு அலசுங்கள். லேபிளில் சீட்டைல், ஸ்டீரைல் ஆல்கஹால் என்று இருந்தால் பயப்பட வேண்டாம். அவை மெழுகு போன்ற கொழுப்பு வகை, உலர்த்தும் ஆல்கஹால் அல்ல.

உலர்த்துவதில்தான் பழக்கத்தை மாற்றுவது கஷ்டம். முடியை முன்னால் தொங்கவிட்டுத் துவர்த்தால், அதாவது தலை துவட்டும் துண்டால், பட்பட் என்று தட்டுவது வீட்டுக்கு வீடு பார்க்கிற காட்சி. ஊதி, திறந்து, வலுவிழந்து நிற்கிற முடியின் மேல் விழும் அடி அது. முறுக்கிப் பிழிவதும் அதே கெடுதல். மெல்லிய பருத்தித் துவர்த்தை முடியைச் சுற்றி வைத்து அமுக்கி அமுக்கி ஈரத்தை எடுங்கள், பத்து நிமிடம் தளர்வாகச் சுற்றி வையுங்கள், பிறகு அவிழ்த்துத் தொங்கவிட்டு மின்விசிறிக் காற்றில் காய விடுங்கள். தடித்த டர்க்கி டவலைவிட நம்ம துவர்த்துதான் மேல், அதில் கொக்கிபோல் மாட்டும் நூல் வளையம் கிடையாது. பாதி காய்ந்ததும் இரண்டு மூன்று சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் பரப்பி நுனியில் மட்டும் தடவினால் சிலும்பல் அடங்கும்.

ஆடி, ஐப்பசி மழை நாட்களில் நீள முடி காயவே காயாது. மணிக்கணக்கில் ஈரமாகவே இருப்பதும் முடிக்கு நல்லதல்ல, ஈரத்தோடு இறுக்கிப் பின்னினால் வாடையும் அரிப்பும் வரும். அந்த நாட்களில் டிரையர் பயன்படுத்தலாம். முக்கால்வாசி காய்ந்த பிறகு, குறைந்த சூட்டில் அல்லது குளிர்காற்றில், 15 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒரே இடத்தில் நிற்காமல் அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். சாம்பிராணி போடுகிறவர்கள் கனலுக்கும் முடிக்கும் நடுவில் குறைந்தது ஒரு முழம் இடைவெளி விடுங்கள். புகை வாசம் வந்தால் போதும், முடியைக் காய்ச்சும் வேலை அதற்கு வேண்டாம்.

கழுவாத நாட்களில் செய்ய வேண்டியது குறைவு. வெளியே போகும்போது பின்னிக்கொள்ளுங்கள். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் முடியை விரித்துப்போட்டு ஸ்கூட்டரில் போனால் வீடு வந்து எடுக்கும் சிக்கிலேயே ஒரு பிடி முடி போய்விடும். ஹெல்மெட்டுக்குள் பழைய பட்டுத்துணித் துண்டு ஒன்றைக் கட்டிக்கொள்ளலாம். கிழிந்துபோன பட்டுச் சேலையின் மீதித் துணி தலையணைக்கும் உறையாகும். ரப்பர் பேண்டுக்குப் பதில் துணி சுற்றிய பேண்டு, தினமும் ஒரே உயரத்தில் கட்டாமல் இடம் மாற்றிக் கட்டுவது. தோவாளைப் பிச்சியும் மல்லியும் சூடாமல் இருக்கச் சொல்ல மனம் வராது. முடி முழுதாகக் காய்ந்த பிறகு, பின்னலின் மேல் நூலாலே கட்டுங்கள். கனமான சரத்தை இரண்டு கொண்டை ஊசியில் தொங்கவிட்டால் ஊசி பிடித்த இடத்தில் முடி அறும்.

சொத்தவிளையிலோ சங்கம முனையிலோ கடலில் இறங்குவதானால் முதலில் நல்ல தண்ணீரில் முடியை நனைத்து, கொஞ்சம் எண்ணெய் தடவிப் பின்னிக்கொண்டு போங்கள். ஏற்கெனவே நனைந்த முடி உப்புத் தண்ணீரைக் குறைவாகவே இழுக்கும். கரை ஏறியதும் அலசிவிட வேண்டும். காய விட்டால் உப்புப் பரல்கள் ஒன்றோடொன்று உரசிச் செதில்களைத் தேய்க்கும்.

அடுக்களையிலிருந்து தலைக்கு ஏறும் பொருட்களில் எல்லாமே பயனுள்ளவை அல்ல. செம்பருத்தி இலையைக் கசக்கி எடுக்கும் தாளியும் உலுவாவும் (வெந்தயம்) உண்மையாகவே நல்லவை. இரண்டிலும் வழுவழுப்பான பசை உண்டு, முடிமேல் படிந்து உரசலைக் குறைக்கும். இரண்டு மேசைக்கரண்டி உலுவாவை இரவு ஊறவைத்து அரைத்து, துணியில் பிழிந்து வடிகட்டிய சாற்றை மட்டும் நீளத்தில் தடவி இருபது நிமிடத்தில் அலசுங்கள். வடிகட்டாமல் தேய்த்தால் துகள்கள் முடியில் சிக்கும், அதை எடுக்கும்போது உடையும். சீயக்காய்க்கும் அதே விதி, பொடியைக் குழைத்துத் தேய்க்காமல், கொதிக்கவைத்து வடித்த தண்ணீரை மண்டைக்கு மட்டும் பயன்படுத்துங்கள். கற்றாழை வெட்டினால் மஞ்சள் பால் முழுதும் வடியும் வரை நிறுத்தி வைத்துக் கழுவிய பிறகே உள்ளிருக்கும் சோற்றை எடுக்க வேண்டும், அந்தப் பால் தோலை அரிக்கும். வடிகஞ்சித் தண்ணீர் ஒரு அலசலுக்குச் சரி, முடியிலேயே காய விட்டால் கஞ்சி போட்ட துணியாய் விறைக்கும். முட்டையின் புரத மூலக்கூறு பெரிது, முடிக்குள் போகாது. மருதாணி கெரட்டினோடு ஒட்டிக்கொள்ளும், வறண்ட முடியை மேலும் விறைக்க வைக்கும். கெட்ட முடி போகும் வரை அதைத் தள்ளி வையுங்கள்.

இழுத்தால் நீண்டு திரும்பாத முடிக்கு மட்டும், 'ஹைட்ரோலைஸ்டு' கெரட்டின் அல்லது கோதுமைப் புரதம் என்று லேபிளில் இருக்கும் மாஸ்க் மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை. சிறு துண்டுகளாக உடைத்த புரதம் என்பதால் ஓரளவு உள்ளே போகும். அடிக்கடி போட்டால் முடி விறைத்து ஒடியத் தொடங்கும், அப்படி ஆனால் இரண்டு மாதம் நிறுத்துங்கள்.

பார்லரில் 'கெரட்டின்', 'ஸ்மூத்தனிங்' என்று சொல்லி, கெட்ட முடிக்கு இதுதான் மருந்து என்பார்கள். பெரும்பாலானவை மருந்தைத் தடவி 200 டிகிரிக்கு மேல் அயர்ன் செய்து பூட்டுபவை. சூடு பட்ட முடிக்கு மேலும் சூடு. சிலவற்றில் பார்மால்டிஹைடு என்ற நச்சு வாயு வெளிப்படும், கண்ணும் தொண்டையும் எரிவது அதனால். கிளையாக்சிலிக் அமிலம் உள்ளவற்றைப் பயன்படுத்திய பின் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து. ஏற்கெனவே செய்தவர்களுக்கு ஒன்று: பூசிய படலம் கழுவக் கழுவப் போகும்போது முடி திடீரென்று மோசமானதாகத் தெரியும். அடியில் இருந்த நிலைதான் இப்போது வெளியே தெரிகிறது. பயந்துபோய் மறுபடி பார்லருக்கு ஓட வேண்டாம்.

அயர்னை ஆறு மாதமாவது தொடாதீர்கள். கல்யாண வீடு என்று தவிர்க்க முடியாமல் போனால், முடி முழுதாகக் காய்ந்திருக்க வேண்டும், வெப்பம் தாங்கும் ஸ்பிரே அடித்துக் காய விட வேண்டும், மெல்லிய முடிக்கு 150 டிகிரி, அடர்த்தியான முடிக்கு 180-ஐத் தாண்டக் கூடாது. இரண்டு விரல் அகலத்துக்கு மேல் எடுக்காமல் ஒரே இழுப்பு. வெப்ப அளவு காட்டாத, ஒரே ஒரு சிவப்பு விளக்கு எரியும் கருவி எத்தனை டிகிரியில் நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது, அதை வீட்டிலேயே வைத்துக்கொள்ள வேண்டாம். அலங்காரம் கலைக்கும்போது ஸ்பிரே இறுகிய முடியை வறட்டுச் சீப்பால் இழுக்காமல், ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்து, எண்ணெயோ கண்டிஷனரோ தடவி இளகிய பிறகு பிரியுங்கள்.

இனி வெட்டும் கணக்கு. கெட்ட பகுதி 30 செ.மீ. என்று வையுங்கள். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 2 செ.மீ. வெட்டினால் வருடத்துக்கு 12 செ.மீ. போகும், ஏறக்குறைய அதே அளவு மேலே வளர்ந்துவிடும். நீளம் அப்படியே நிற்க, இரண்டரை வருடத்தில் கெட்டது முழுதும் போயிருக்கும். வெட்டாமல் விட்டால் நுனிப் பிளவு மேலே மேலே ஏறி, அதைவிட அதிக நீளத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். முடி வெட்டும் கூர்மையான கத்தரி வேண்டும். அடுக்களைக் கத்தரி நசுக்கி வெட்டும், அந்த இடத்திலேயே புதுப் பிளவு தொடங்கும்.

இதையெல்லாம் செய்தும் மூன்று மாதத்தில் சீப்பில் முடி குறையவில்லையென்றால் விழுந்த முடியைக் கவனியுங்கள். ஒரு முனையில் சின்ன வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்தது, உடைந்தது அல்ல. நாளுக்கு ஐம்பதிலிருந்து நூறு வரை அப்படி உதிர்வது இயல்பு. அதற்கு மேல் தொடர்ந்து போனாலும், வகிடு அகலமானாலும், மண்டை எரிந்தாலும் எண்ணெயை மாற்றிப் பயனில்லை. இரும்புச்சத்துக் குறைவா, தைராய்டா என்று இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. போகும்போது தலையில் எண்ணெய் வைக்காமல் போங்கள், அப்போதுதான் மருத்துவருக்கு மண்டைத்தோல் சரியாகத் தெரியும்.